இருபத்தேழு வெள்ளைப் பட்டைகள்

ஜனவரி 8

அன்புள்ள குட்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, ஆகவே உடம்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் கிளம்பும்போது உனக்கு இருந்த இருமல் போயிற்றா?

வீடு எப்படி என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். எங்கள் அச்சகத்து பைண்டரின் பூர்வீக வீடு. நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது, சும்மா கிடப்பதற்குப் பதில் நீங்கள் இருங்கள் என்று கொடுத்தார். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, பின்னால் விறகு அடுக்கும் கொட்டகை. சன்னலைத் திறந்தால் மரம், கதவைத் திறந்தால் மரம். ஊரில் மொத்தம் இருபத்திரண்டு வீடுகளாம், ஆனால் ஒரு வீட்டிலிருந்து பார்த்தால் இன்னொரு வீடு தெரியாது. கடை, தபால் பெட்டி, பஸ் நிற்கும் இடம் மூன்றும் சாலையோரத்தில். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் என் வாசல். இங்கே பெரும்பாலானவர்களுக்கு மரம்தான் பிழைப்பு. வெட்டுகிறார்கள், அறுக்கிறார்கள், வண்டியில் ஏற்றுகிறார்கள்.

செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அது அலமாரியில் நிம்மதியாகத் தூங்குகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்து மாதம் உன் வீட்டில் இருந்துவிட்டு ஏன் இப்படித் திடுதிப்பென்று கிளம்புகிறாய் என்று வாசலில் நின்று கேட்டாயே, அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்கள் எழுத்தில் பிழை பார்த்தே காலம் போயிற்று. இனி கொஞ்சம் சும்மா இருக்கலாமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

தடித்த முனையுள்ள கறுப்புப் பேனா நான்கு அனுப்பு. இங்கே கடையில் வெளிர் நீலம்தான் இருக்கிறது. அறையில் பல்பும் மங்கல்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, கோபம் போகவில்லை. மற்றபடி மூவரும் சௌக்கியம். பாப்பா தினமும், "பெரியம்மா எப்போ வருவாங்க?" என்று கேட்கிறாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சொல், எப்போது வருவாய்?

பஸ் நிலையத்தில் தொலைந்த சாமான் கவுண்டரில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாயா? போன வாரம்கூட ஒரு பல் செட்டுக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவரும் சத்தியம் செய்தார்கள். "போட்டுக் காட்டுங்க" என்றேன். இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். பை என்னுடையது என்று வருகிறவன் நிறத்தைச் சொன்னால் நான் நம்புவதில்லை. நிறம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். உள்ளே எங்கே கிழிந்திருக்கிறது என்று சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். உன் கடிதத்தில் நிறம் மட்டும்தான் இருக்கிறது, அக்கா. கிழிசல் எங்கே?

அம்மாவின் கடைசி ஒன்பது வருஷம் அவளைக் கைபிடித்து நடத்தியவள் நான். ஒரு நாள் முகம் சுளித்திருப்பேனா? அப்படிப்பட்டவள் வீட்டில் உனக்கு என்ன குறை வந்தது? உன் மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் ஒரே ஒரு வரி எழுது, மனிதரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்.

பேனா நான்கு கேட்டாய், ஆறு வைத்திருக்கிறேன்.

கோபத்துடனும் அன்புடனும்,
உன் தங்கை


பிப்ரவரி 4

அன்புள்ள குட்டிக்கு,

பேனாக்கள் வந்தன. நன்றாக எழுதுகின்றன, பார்த்தாயா? நான் நலம். உன் கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அவரை விட்டுவிடு.

இந்த ஊர்க்காரர்கள் எனக்குப் பிடிபடவில்லை. நான்கு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் காலடிச் சத்தம் கேட்டதும் கப்சிப். நான் கடந்து போன பிறகு மெல்ல ஆரம்பிப்பார்கள். தேன் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெண் இருக்கிறாள், ஊரே அவளைத் தேனீக்காரி என்றுதான் கூப்பிடுகிறது. அவள் கடையில் என்னைப் பிடித்து, "நேத்து உங்க பக்கத்துலயே நின்னு சிரிச்சேன், நீங்க கண்டுக்கவே இல்லையே!" என்றாள்.

"எப்போ?"

"இதே இடத்துலதான். கையை நீட்டினா தொட்டுடலாம், அவ்வளவு கிட்ட."

அங்கே யாருமே இல்லை, குட்டி. சத்தியமாகச் சொல்கிறேன். எதற்காக இப்படி ஒரு பொய்?

அப்புறம் ஒரு தச்சர். மனிதர் தென்னை மரத்தில் பாதி உயரம் இருப்பார். நான் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் இருபது அடி பின்னால் வருகிறார். நான் நின்றால் அவரும் நிற்கிறார். ஒரு நாள் திரும்பி, "ஏதாவது வேணுமா?" என்று கேட்டேவிட்டேன். "இல்லீங்க, நானும் இந்தப் பக்கம்தான்" என்றார். விசாரித்தேன். அவர் வீடு எதிர்த் திசையில் இருக்கிறது.

கொட்டகை வாசலில் யாரோ விறகுக் கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு முறை முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். காயம் ஆறிவிட்டது, பதறாதே. பாப்பா நன்றாகப் படிக்கிறாளா?

உன் அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதுகிறேன், ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மருந்து போட்டாயா, இல்லை ஆறிவிட்டது என்று சும்மா எழுதினாயா?

கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? அந்த நெட்டைத் தச்சர் மேல் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. "நானும் இந்தப் பக்கம்தான்" என்று சொல்கிறவன் எந்தப் பக்கத்துக்காரனும் இல்லை. எங்கள் கவுண்டரைச் சுற்றி நாலு தடவை நடந்துவிட்டு ஐந்தாவது தடவை அடுத்தவன் பெட்டியைத் தூக்கியவனும் இதையேதான் சொன்னான். தனியாக ஒரு பெண் வந்து இறங்கினால் ஊர் நோட்டம் விடத்தான் செய்யும். சாவியை மண்பானைக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடு.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் வலது ஓரத்தில் வரிக்கு வரி கடைசி எழுத்துகளைக் காணோம். காகிதம் தீர்ந்த பிறகு மேசை மேலேயே எழுதினாயா? ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக அச்சு இயந்திரத்தையே நிறுத்தச் சொன்னவள் நீ. யாராவது பக்கத்தில் நின்றுகொண்டு உன்னை அவசரப்படுத்துகிறார்களா? உன் கடிதங்களை வாங்கிப் படிக்கிறார்களா? அப்படியென்றால் அடுத்த கடிதத்தில் "மாப்பிள்ளை நல்லவர்" என்று எழுது. நான் புரிந்துகொள்வேன்.

பாப்பா கணக்கில் முதலாவதாக வந்தாள்.

உன் தங்கை


மார்ச் 6

அன்புள்ள குட்டிக்கு,

மாப்பிள்ளை நல்லவர்தான். உடனே பெட்டியைக் கட்டாதே, இது உன் சங்கேதம் இல்லை, உண்மையாகவே சொல்கிறேன். நான் நலம். பாப்பாவுக்கு என் பாராட்டு. ஓரத்து எழுத்துகள் பற்றிக் கேட்டாய். இந்த மேசை வழுக்கல், காகிதம் நகர்ந்துவிடுகிறது.

போன வாரம் கடைக்குப் போகும் வழியில் திடீரென்று காதோரம் ஒரு குரல்: "தேனீக்காரி. வலது பக்கம் நிக்கிறேன்." தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் கடையில் நுழைந்ததும், "கடைக்காரன். இடது பக்கம்" என்று ஒரு அதட்டல். தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டே, "தபால். பின்னாடி வரேன்" என்கிறார். முந்தாநாள் கடை வாசலில் பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. சிரிக்காமல் கேலி செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். ஐம்பத்தாறு வயதில் ஊர் கூடி என்னைப் பைத்தியக்காரி ஆக்குகிறது.

இதைவிட வேறொன்று. பாதையோர மரங்களில் யாரோ வெள்ளைப் பெயின்ட்டில் பட்டை போடுகிறார்கள். ஒரு சாண் அகலம், என் நெஞ்சு உயரம். முதலில் கடையருகே மூன்று மரங்களில் பார்த்தேன். அப்புறம் ஆறு. வாரா வாரம் நாலைந்து மரம் கூடுகிறது. இன்றைக்கு எண்ணினேன், இருபத்தொன்று. எல்லாம் என் வீட்டை நோக்கித்தான் வருகின்றன. வேறு எந்தப் பாதையிலும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால், "எது, அதுவா? சும்மா, பாதைக்கு" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையை நிறுக்கப் போய்விட்டார்.

எனக்கு இரவில் தூக்கம் குறைந்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சொல்ல வேண்டும். உனக்கு இந்த மாதிரி விஷயங்கள் தெரியும்.

உன் அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் இப்போது எனக்குப் பொறுமை இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பஸ் நிலையத்தில் ஒரு கும்பல் பிடிபட்டது. முதல் ஆள் வந்து தூக்க வேண்டிய பெட்டியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவான். அரை மணி கழித்து இரண்டாவது ஆள் வந்து கோடு போட்ட பெட்டியை மட்டும் தூக்குவான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது, கோடு தெரிந்தால் போதும். உன் மரங்களில் இருப்பதும் அதுதான். வெளியூரிலிருந்து எவனுக்கோ வழி காட்டுகிறார்கள். கடைசிப் பட்டை உன் வாசலில் வரும், அப்புறம் என்ன வரும் என்று யோசித்துப் பார்.

நான் சொல்கிறபடி செய். ஒரு வாளி சேறு குழைத்து அத்தனை பட்டையையும் பூசி அழித்துவிடு. பயந்தவள் என்று தெரிந்தால் ஏறி மிதிப்பார்கள். அந்த நெட்டையன் மறுபடி பின்னால் வந்தால் நடுப்பாதையில் நின்று சத்தம் போடு. சின்ன வயதில் என்னைக் கிள்ளியவனை நீ ஓட ஓட விரட்டினாயே, அந்தத் தொண்டை எங்கே போயிற்று?

முடித்ததும் எழுது. காத்திருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நீ சொன்னதைச் செய்துவிட்டேன்.

நேற்றுக் காலை ஆரம்பித்து மதியம் வரை ஆயிற்று. பட்டை என் வாசல் வரை வந்திருந்தது. மொத்தம் இருபத்தேழு மரம். பழைய துணியைச் சேற்றில் தோய்த்து ஒன்று விடாமல் பூசினேன். தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது.

பத்தொன்பதாவது மரத்தில் தச்சர் வந்து நின்றார்.

"அதை ஏங்க அழிக்கிறீங்க?"

"என் வீட்டுக்குக் குறி வைக்க நீங்க யாரு?"

அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் விடவில்லை. "இனிமே என் பின்னால ஒரு அடி வந்தாலும் போலீசுக்குப் போவேன்!" என்று கத்தினேன். அந்தத் தொண்டை அப்படியேதான் இருக்கிறது, குட்டி. அவர், "சரிங்க" என்றார். தோளில் இருந்த பலகையை மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டார். பாவமாக இருந்தது என்று சொன்னால் நீ திட்டுவாய். ஆகவே சொல்லவில்லை.

பாதை பழையபடி இருட்டாகிவிட்டது. கோடை மழையோடு இங்கே மூடுபனிக் காலம் ஆரம்பம் என்று தபால்காரர் சொல்கிறார். அரிசி தீர்ந்துவிட்டது, நாளைக்கோ மறுநாளோ கடைக்குப் போக வேண்டும்.

பாப்பாவுக்கு முத்தம்.

உன் அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

எப்படி இருக்கிறாய்? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. நடுவில் நான் போட்ட கார்டு கிடைத்ததா? தபால் தாமதமா, இல்லை என்மேல் கோபமா?

நானே கிளம்பி வந்திருப்பேன். பாப்பாவுக்கு டைபாய்டு, பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல் ஏறி இறங்குகிறது. அவளை விட்டு நகர முடியவில்லை. இப்போது தேறி வருகிறாள், பயப்படாதே.

பாப்பா தூங்கும்போது உன் கடிதங்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். முதல் கடிதத்தில் பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி. கடைசிக் கடிதத்தில் பதினொன்று. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. வரிகள் மேலே ஏறி இறங்குகின்றன. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அந்த ஊர்மேல் இருந்த சந்தேகம் இப்போது உன்மேல் திரும்பியிருக்கிறது. என்னிடம் எதை மறைக்கிறாய்?

"இருக்கிறேன்" என்று ஒரே வார்த்தை எழுதிப் போடு. போதும்.

உன் தங்கை


ஏப்ரல் 30

தச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதனால் உறையில் "நெட்டையான தச்சர்" என்றே எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும் என்று எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் இது மரியாதைக் கடிதம் இல்லை.

மரங்களுக்கு நடுவே தனியாக இருக்கும் அச்சகத்துப் பெண்மணி என் அக்கா. ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அவளை நீங்கள் பின்தொடர்ந்ததும், மரங்களில் குறி போட்டதும், ஊர் சேர்ந்து அவளைக் கேலி செய்ததும் எனக்குத் தெரியும். எல்லாக் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் அக்கா எங்கே? அவளுக்கு என்ன ஆயிற்று? பத்து நாளில் பதில் வராவிட்டால் அடுத்து வருவது கடிதமாக இருக்காது.

இப்படிக்கு,
அவளுடைய தங்கை


மே 9

தங்கச்சி அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் அக்கா உயிரோடு இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். இதை முதலில் எழுதச் சொன்னது தேனீக்காரி. உங்கள் உறையைத் தபால்காரர் கடையில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். பரவாயில்லை, நான் நெட்டைதான்.

உங்கள் அக்காவுக்கு வலது கணுக்கால் முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுத் தேனீக்காரி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். உங்களுக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நீங்களே கேட்ட பிறகு மறைப்பது முறையில்லை என்று எழுதுகிறேன்.

அவருக்குப் பக்கவாட்டில் பார்வை இல்லை. ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நேரே இருப்பது மட்டும்தான் தெரிகிறது. மர நிழலில் அதுவும் மங்கிவிடுகிறது. உங்களுக்குத் தெரியும் என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

வந்த மூன்றாவது வாரமே கவனித்தோம். பக்கத்தில் நின்று சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. அவரே போட்ட விறகில் அவரே தடுக்கி விழுந்தார். இரண்டு முறை பாதையை விட்டுப் பள்ளத்துப் பக்கம் இறங்கினார், நான்தான் தூரத்தில் இருமிக் காட்டித் திருப்பினேன். அதற்கப்புறம் பின்னால் நடப்பது என் வேலை ஆகிவிட்டது.

மரம் வெட்டும் இடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையில் இருக்கிறவன் கண்ணுக்குப் படாத பக்கத்திலிருந்து கிட்டே போனால், யார், எந்தப் பக்கம் என்று இரண்டையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் கோடாலி மேலே விழும். அதையேதான் உங்கள் அக்காவிடமும் செய்தோம். பட்டை போடுவதும் அப்படித்தான், மூடுபனியில் மர லாரிக்கு வழி தெரிய உள்காட்டில் போடுவது; அதையே அவர் பாதைக்கும் போட்டோம்.

நாங்கள் செய்த தப்பு ஒன்று உண்டு. வாய்விட்டுச் சொன்னால் கூச்சப்படுவார் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஒருவரும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நல்லது செய்தால் அது பார்க்கிறவருக்குச் சதியாகத்தான் தெரியும் என்று எங்களுக்கு உறைக்கவில்லை. பட்டையை அழித்த அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. இரண்டு நாள் கழித்து மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. அவர் சொன்னபடி நான் பின்னால் போகவில்லை.

மீதியை அவரே எழுதுவார். எழுத ஒரு பலகை செய்து கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தச்சன்


மே 24

அன்புள்ள குட்டிக்கு,

கால் தேறிவிட்டது, கோலை ஊன்றி நடக்கிறேன். பாப்பா எழுந்து உட்கார்ந்தாளா? காய்ச்சல் முழுக்க விட்டதா? என்னால் உனக்கு எத்தனை பக்கம் இழுபறி என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. ஒரே வார்த்தை கேட்டாய், ஆனால் எழுத உட்கார்ந்தால் காலைப் பற்றியும் பொய் எழுத வேண்டியிருக்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கடிதத்தில் ஓரத்து எழுத்து ஒன்றும் விழுந்திருக்காது. பலகையைச் சுற்றி மேடாகச் சட்டம் அடித்திருக்கிறார், வரிக்கு வரி நூல் கட்டியிருக்கிறார். பேனா சட்டத்தில் முட்டினால் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

கிழிசலைக் கேட்டாயே, சொல்கிறேன். கடைசி வருஷம் அச்சகத்தில் ஒரு பக்கத்தின் வலது பத்தி முழுவதையும் நான் திருத்தவே இல்லை. அங்கே இன்னொரு பத்தி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. முதலாளி அந்தக் காகிதத்தை என் முன் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன். நம் அம்மாவுக்கு வந்த அதே கண் நோய் என்றார் டாக்டர். பார்வை மெதுவாகத்தான் குறையும், ஆனால் குறைவது நிற்காது என்றார்.

அம்மாவின் ஒன்பது வருஷத்தில் நீ முகம் சுளிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் நீ சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுததை நான் கேட்டிருக்கிறேன். லீவுக்கு வருவேன், நாலு நாள் இருப்பேன், கேட்டும் கேட்காதவளாக பஸ் ஏறிவிடுவேன். உன்னை இரண்டாம் தடவை அந்தக் குழாயைத் திறக்க வைக்கக் கூடாது என்றுதான் கிளம்பி வந்தேன். உன்னிடம் சொன்னால் விடமாட்டாய்.

விழுந்த அன்று நடந்ததைத் தச்சர் முழுக்க எழுதியிருக்க மாட்டார். அவருக்கு அது தெரியாது. மூடுபனியில் வழி தவறி, மரம் உருட்டி விடும் பள்ளத்தில் விழுந்தேன். பொழுது சாய்வதற்குள் தேடி வந்துவிட்டார்கள். "கடைக்காரன், ஓடைப் பக்கம்." "தபால், மேட்டு மேல." எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன், குட்டி. என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தேன். கடைசியில், "தேனீக்காரி, பள்ளத்துக்கு மேல நிக்கிறேன்" என்று சொன்ன குரல் உடைந்து அழ ஆரம்பித்தது. நடிப்புக்கு அழுகிறவள் அப்படி மூக்கை உறிஞ்ச மாட்டாள். நானும் கத்தினேன்: "அச்சகத்தம்மா, கீழ இருக்கேன்."

என்னைக் கூட்டிக்கொண்டு போக வராதே. பார்க்க வா. வரும்போது வெள்ளைப் பெயின்ட் கொண்டு வா. அழித்தவளே பூச வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன், தச்சரும் ஒத்துக்கொண்டார்.

உன் அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

பாப்பா எழுந்துவிட்டாள், தோசை கேட்டுச் சண்டை போடுகிறாள். உன் மாப்பிள்ளை நலம், நீ அவரை நல்லவர் என்று எழுதியதை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் கால் வலி எப்படி இருக்கிறது? உண்மையை எழுது, நிறத்தை எழுதாதே.

உன் கடிதத்தைக் கவுண்டரில் உட்கார்ந்து படித்தேன். குடையைத் தொலைத்தவர் ஒருவர் எதிரே நின்று, நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைம்மா, பழைய குடைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன்னை அறைய வேண்டும் போல இருக்கிறது. சேற்றைப் பூசு என்று எழுதின என் கையை முதலில் அறைய வேண்டும். அந்த ஊரில் ஒருவரையும் பார்க்காமல், இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உன் வழியை அழித்தவள் நான். எத்தனை பொய்யர்களைக் கண்டுபிடித்தேன், என் அக்கா பொய் சொன்னதை ஒரு தச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த மனிதருக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் போட்டிருக்கிறேன். உறையில் "நெட்டையான" என்பதை எடுத்துவிட்டேன். ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம்: எழுதும் பலகைக்கு நூல் வரை கட்டுகிற அளவுக்கு அவருக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? வந்து விசாரித்துக்கொள்கிறேன்.

குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதது உண்மைதான். நீ கேட்டது எல்லாம் உண்மை. ஆனால் எந்த நாளில் என்று நீ யோசிக்கவில்லை. நீ இல்லாத நாளில் நீ எப்படிக் கேட்டிருப்பாய்? அம்மாவுக்காக நான் அப்படி அழுததில்லை, அக்கா. நீ லீவு முடிந்து பையைக் கட்டுவாயே, அந்தக் காலைகளில்தான் அழுதேன். ஒவ்வொரு தடவையும், "இன்னும் ரெண்டு நாள் இரு, அக்கா" என்று வாய் வரை வரும். உன் வேலை கெடும் என்று குழாயைத் திறந்துவிடுவேன். நம் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு நல்லது செய்கிற வியாதி இருந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

நீ அங்கேயே இரு. யாரும் உன்னைத் தூக்கிக்கொண்டு வரப் போவதில்லை. அவ்வப்போது நானும் பாப்பாவும் வருவோம், மழைக்காலத்தில் நீ இங்கே வா. இதைப் பேசி முடிவு செய்யலாம், வாய்விட்டுப் பேசி.

பெயின்ட் வாங்கிவிட்டேன், பெரிய டின் இரண்டு. "வெள்ளையில எந்த வெள்ளைம்மா?" என்றான் கடைப் பையன். "தூரத்துல இருந்தே தெரியற வெள்ளை" என்றேன். பாப்பாவுக்கு ஒரு சின்ன பிரஷ் தனியாக. இருபத்தேழு மரத்தில் பதினெட்டு என்னுடையது, ஒன்பது உன்னுடையது. அழிக்கச் சொன்னவளுக்குப் பங்கு அதிகம்.

வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்தில் வந்து நில். இறங்கியதும் ஊர் முழுக்கக் கேட்கும்படி, "குட்டி, இடது பக்கம் நிக்கிறேன்" என்று கத்துவேன். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளாமல் பதில் சொல்.

உன் தங்கை